கடப்பா கல்லும் இடைச்சந்தும்

பாளையங்கோட்டையில் இருக்கும் எங்கள் வீடு மேற்கு பார்த்தது. போர்ட்டிகோவின் வலப்புறம் பத்தடி அகலத்திலும் எட்டடி உயரத்திலும் நிற்கும் சுவர், பிற்பகல் வெயிலையும் ஐப்பசி மழையின் தெறிப்பையும் வாங்கிக்கொண்டு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்ணப்பூச்சை உதிர்த்துக்கொண்டே இருந்தது. இனி பூச்சே வேண்டாம், கல்லை ஒட்டிவிடுவோம் என்று முடிவுசெய்து, ஏப்ரல் கடைசியில் கடப்பா கல் துண்டுகளை வாங்கி இறக்கினோம். மெருகேற்றாத, பிளந்த முகம் அப்படியே தெரியும் கற்கள் அவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆறங்குலத்துக்கு ஒன்பதங்குலம், கனம் 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை. எங்களுக்குப் பழக்கமான கொத்தனார் அண்ணாச்சி மூன்று நாளில் இருநூற்றுச் சொச்சம் கற்களையும் ஒட்டி முடித்தார். மேல்வரிசைகளுக்கு மட்டும் பசையை நம்பாமல் கம்பிக் கொக்கி வைத்துச் சுவரோடு பிணைத்தார். அடுத்த நாள் வேறொரு வீட்டில் தளம் போடும் வேலை இருந்தது என்று கிளம்பும்போது, “சந்து அடைக்கிறத நீங்களே செஞ்சிரலாம் டீச்சர், கோலம் போடுற கைதான” என்றார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் விட்ட இடைவெளியைச் சாந்தால் நிரப்புவதைத்தான் சந்து அடைப்பது என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு மே மாத விடுமுறை. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

சந்தே விடாமல் கல்லோடு கல்லை நெருக்கி ஒட்டும் முறையும் இருக்கிறது; இப்போது கட்டப்படும் வீடுகளின் முகப்பில் பெரும்பாலும் அதைத்தான் பார்க்கிறோம். அதற்கு இயந்திரத்தில் அறுத்த, விளிம்பு நேரான கல் வேண்டும். கையால் உடைத்த கடப்பா துண்டுகளை எவ்வளவு நெருக்கினாலும் ஓரிடத்தில் நூலிழை, ஓரிடத்தில் விரல் நுழையும் இடைவெளி என்றுதான் அமையும். அந்த இடைவெளிகளில் மழைநீர் இறங்கும், செவ்வெறும்பு குடியேறும், பல்லி முட்டையிடும். பெரிய கோயிலிலும் நெல்லையப்பர் கோயிலிலும் சாந்தே இல்லாமல் கல்லை அடுக்கியிருக்கிறார்களே என்று என் மகன் கேட்டான். அங்கே ஒவ்வொரு கல்லும் தன் எடையால் நிற்கிறது, இங்கே ஒரு அங்குலக் கனத்தில் சுவரைப் பிடித்துத் தொங்குகிறது என்று சொல்லி அவனைச் சல்லடை பிடிக்க அனுப்பினேன். ஆகவே தொடக்கத்திலேயே 12 மில்லிமீட்டர் சந்து விட்டு ஒட்டச் சொல்லியிருந்தோம். அண்ணாச்சி அதற்கு அளவுகோல் எதுவும் எடுக்கவில்லை; 12 மில்லிமீட்டர் கம்பித் துண்டுகளைக் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் செருகிவைத்துக்கொண்டே போனார்.

கலவை எவ்வளவு வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டபோது எனக்கே வியப்பாக இருந்தது. இந்த அளவுள்ள கற்களில் ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ மூன்றேகால் அடி நீளச் சந்து வருகிறது. எண்பது சதுர அடிக்கு அது 80 மீட்டரைத் தொடுகிறது. 12 மில்லிமீட்டர் அகலம், 20 மில்லிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால் மொத்தக் கொள்ளளவு 20 லிட்டர்தான்; சிந்துவதையும் வீணாவதையும் சேர்த்தால் 25 லிட்டர். அதற்குத் தேவைப்படும் சிமெண்ட் எட்டுக் கிலோ, அதாவது ஐம்பது கிலோ மூட்டையில் ஆறில் ஒரு பங்கு. கடையில் மூட்டையைப் பிரித்துத் தர மாட்டார்கள் என்பதால் முழு மூட்டையையே வாங்கி, மீதியை எதிர்வீட்டுப் படிக்கட்டு வேலைக்குக் கொடுத்துவிட்டேன்.

விகிதத்தில்தான் அண்ணாச்சிக்கும் எனக்கும் தொலைபேசியில் சிறு வாக்குவாதம் நடந்தது. ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் என்பது அவர் கணக்கு. பழைய வீடுகளின் காரையைப் பார்த்து வளர்ந்த எனக்குச் சுண்ணாம்பு இல்லாத கலவையில் மனம் ஒப்பவில்லை. என் ஆச்சி வீட்டுச் சுவர், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புச் சாந்தால் ஆனது. அதில் வெடிப்பு வந்தாலும் மயிரிழையாக வருமே தவிரக் கல்லையோ செங்கல்லையோ பிளந்துகொண்டு வராது. சந்தில் இருக்கும் சாந்து கல்லைவிடச் சற்று மென்மையாகவே இருக்க வேண்டும். வெயிலில் சுவர் விரிந்து இரவில் சுருங்கும்போது ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டுமென்றால், கல்லைவிட, பிறகு நோண்டி மாற்றிவிடக்கூடிய சாந்து விட்டுக்கொடுப்பதே நல்லது. அதோடு சுண்ணாம்பு கலவையில் தண்ணீரைப் பிடித்துவைக்கும், குழைவைத் தரும். கடைசியில் ஒரு பங்கு சிமெண்ட், அரைப் பங்கு நீற்றிய சுண்ணாம்புத் தூள், நாலரைப் பங்கு மணல் என்று முடிவானது. சிமெண்டையும் சுண்ணாம்பையும் சேர்த்துப் பார்த்தால் அதுவும் ஒன்றுக்கு மூன்றுதான் என்பதால் அவரும் தோற்கவில்லை, நானும் தோற்கவில்லை.

மணல் என்று நான் குறிப்பிடுவது பூச்சு வேலைக்கென்று விற்கும் பி-சாண்ட். அதையும் நேரடியாகப் பயன்படுத்தாமல், இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேலான கண் உள்ள சல்லடையில் சலித்தேன். பெரிய குருணை ஒன்று இருந்தாலும், சாந்தைச் சந்துக்குள் பிதுக்கும் பையின் மூக்கில் போய் அடைத்துக்கொள்ளும். சந்தின் நிறத்தைச் சிமெண்டைவிட மணல்தான் தீர்மானிக்கிறது என்பதை மாதிரி போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டேன். மீந்த நான்கு கற்களை ஒரு பலகையில் ஒட்டி, ஒரு சந்தில் ஆற்றுமணல் கலவையும், ஒன்றில் பி-சாண்ட் கலவையும், ஒன்றில் கறுப்பு இரும்பு ஆக்சைடு நிறமி சேர்த்த கலவையும் அடைத்துவைத்தேன். ஈரத்தில் மூன்றும் ஏறக்குறைய ஒரே நிறமாகத் தெரிந்தன. ஐந்து நாள் காய்ந்த பிறகு ஆற்றுமணல் மங்கிய பழுப்பாகவும், பி-சாண்ட் வெளிர்சாம்பலாகவும், நிறமி சேர்த்தது கல்லோடு கலந்து சந்தே இல்லாததுபோலவும் ஆனது. கல்லின் வடிவம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சாம்பலைத் தேர்ந்தெடுத்தேன். தண்ணீர் மட்டும் மாநகராட்சிக் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் குளித்தால் முடி சிக்காகும், அதைக் கலவையில் ஊற்றினால் உப்பு முழுவதும் பிறகு கல்லின் மேல் வெள்ளையாகப் பூக்கும்.

கல் ஒட்டி ஐந்து நாள் கழித்து வேலையைத் தொடங்கினேன். முதல் நாள் முழுவதும் அடைப்பு வேலையே இல்லை, சுத்தம் மட்டும்தான். சந்துகளில் பிதுங்கி இறுகியிருந்த ஒட்டுப்பசையைச் சிற்றுளியால் தட்டி எடுத்தோம். தூசியை என் மகன் சைக்கிள் பம்பால் ஊதினான். தரையையும் நிலைக்கதவையும் பிளாஸ்டிக் விரித்து மூடினோம். அலுப்பான வேலைதான், ஆனாலும் பசைக்கட்டி உட்கார்ந்திருக்கும் இடத்தில் சாந்துக்கு ஆழம் கிடைக்காது, மேலாக ஒட்டிய சாந்து ஒரு கோடையிலேயே சில்லுச் சில்லாகக் கழன்றுவிடும்.

கலவையை அரை லிட்டர் டம்ளரால் அளந்தேன். ஒரு டம்ளர் சிமெண்ட், அரை டம்ளர் சுண்ணாம்பு, நாலரை டம்ளர் மணல். மூன்றையும் உலர்ந்த நிலையிலேயே நிறம் ஒன்றாகும் வரை புரட்டிவிட்டு, பிறகு தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். கரணையால் பூசுவதற்கு முறுக்கு மாவுப் பதம் சரி. பையில் போட்டுப் பிதுக்குவதற்கு அதைவிடத் தளர்வாகவும் இட்லி மாவைவிடக் கெட்டியாகவும் இருக்க வேண்டும். பிசைந்ததும் ஐந்து நிமிடம் அப்படியே விட்டு, மறுபடி ஒருமுறை கிளறினால் பதம் நிலைத்துவிடுகிறது. ரப்பர் கையுறை கட்டாயம் தேவை. சுண்ணாம்பும் சிமெண்டும் சேர்ந்து விரலிடுக்கைப் புண்ணாக்கிவிடும்.

பைக்கு நான் நம்பியது ஒரு லிட்டர் பால் உறையை. மருதாணிக் கூம்பைப் போலச் சுருட்டி, மூலையை ஒரு சென்டிமீட்டர் வெட்டி, கலவையை நிரப்பிப் பின்புறத்தை முறுக்கிக்கொண்டே அழுத்தினால் சாந்து கயிறுபோல வருகிறது. உறை இரண்டு நிரப்புக்கு மேல் தாங்காமல் பக்கவாட்டில் கிழிந்துவிட்டது. அடைப்பின் இரண்டாம் நாளிலிருந்து கனமான உரச்சாக்கின் உள் பிளாஸ்டிக்கை வெட்டிப் பயன்படுத்தினேன். மூக்கைச் சந்தின் உள்ளே அடிவரை செலுத்தி, பின்னுக்கு இழுத்துக்கொண்டே பிதுக்க வேண்டும்; வெளியே நின்று பிதுக்கினால் உள்ளே காற்று தங்கி, மேலே மட்டும் தோல் போர்த்தியதுபோல ஆகிவிடும். செங்குத்துச் சந்துகளை முதலில் அடைத்துவிட்டுக் கிடைமட்டச் சந்துக்கு வருவதும், மேலிருந்து கீழே இறங்குவதும் எனக்கு வசதியாக இருந்தன. சந்தைக் கல்லின் முகத்தைவிடச் சற்றுப் புடைப்பாகவே நிரப்பி விட்டுவிட வேண்டும். இதுவரை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம்.

இதற்குப் பிறகுதான் நான் சறுக்கினேன். அடைக்கத் தொடங்கிய முதல் காலையில் இடப்பக்க மேல்மூலையில் மூன்றடிக்கு மூன்றடி அளவு அடைத்து முடித்ததும், கல்லின் மேல் அங்கங்கே ஒட்டியிருந்த சாந்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தரையில் ஓடு பதித்தபோது ஈரப்பஞ்சால் துடைத்ததைப் பார்த்த நினைவில், நானும் நனைத்த பஞ்சை எடுத்துத் துடைத்தேன். துடைத்த கணத்தில் கல் பளிச்சென்று கறுப்பாகத் தெரிந்தது. மனநிறைவோடு அடுத்த பகுதிக்கு நகர்ந்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் அந்த ஒன்பது சதுர அடியும் திருநீறு பூசியதுபோல வெளுத்துக் கிடந்தது. வழுவழுப்பான ஓட்டின் மேல் படியும் சிமெண்ட் நீர் துடைத்தால் வந்துவிடும். பிளந்த கடப்பா கல்லின் முகத்திலுள்ள நுண்ணிய பள்ளங்களுக்குள் அது இறங்கி உட்கார்ந்துவிடுகிறது. கல் கறுப்பு என்பதால் ஒரு துளிகூட மறைவதில்லை. அன்றைக்குச் செய்த இரண்டாவது தவறு அதைவிட மோசம்: சட்டியில் இருந்த கலவை இறுகத் தொடங்கியதும் வீணாகிறதே என்று தண்ணீர் தெளித்து மறுபடி குழைத்து அடைத்தேன். கல்லையும் சரியாக நனைத்திருக்கவில்லை.

மாலையில் அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு அதிகம் பேசவில்லை. தன் கட்டைவிரலைச் சந்தின் மேல் அழுத்திக் காட்டி, “விரல் பதியணும், ஆனா சாந்து விரல்ல ஒட்டக் கூடாது. அதுவரைக்கும் சுவரத் தொடாதீங்க, உள்ள போய்க் காப்பி குடிங்க” என்றார். இந்த வேலையின் திறமை முழுவதும் அந்தக் காத்திருப்பில் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். சீக்கிரம் தொட்டால் சாந்து இழுபட்டுக் கல்லின் மேல் அப்பிக்கொள்ளும். பிந்திப்போனால் சந்தைத் தேய்க்கும் கம்பி கீறுமே தவிர அமுக்காது. எங்கள் சுவரில் அந்தப் பதம் காலை ஏழு மணிக்கு அடைத்ததற்கு எட்டரை மணிக்கு வந்தது. பத்து மணிக்கு அடைத்ததற்கு நாற்பது நிமிடத்திலேயே வந்துவிட்டது. எனவே கடிகாரத்தைப் பார்த்துப் பயனில்லை, ஒவ்வொரு பகுதியிலும் விரலைத்தான் வைத்துப் பார்க்க வேண்டும்.

பதம் வந்ததும், முனையை லேசாக வளைத்த கம்பியால் சந்தை அழுத்தித் தேய்த்தேன். அந்த அழுத்தத்தில் சாந்து இறுகி, இரண்டு கல்லின் விளிம்போடும் நெருங்கி, நடுவில் மெல்லிய குழிவாகப் படிகிறது. சுவரின் அழகுக்காகச் சந்தை ஆழமாகச் சுரண்டி நிழல் விழும்படி செய்வோரும் உண்டு. கூரைக்குக் கீழே இருக்கும் சுவருக்கு அது பொருந்தலாம், சாரல் அடிக்கும் சுவரில் கல்லின் மேல்விளிம்பே தண்ணீர் தேங்கும் திட்டாகிவிடும். மதில்சுவர்களில் காணும், பட்டையாக எழுப்பிக் கோடு கீறிய பாயிண்டிங்கும் எனக்குப் பிடிப்பதில்லை. அதில் கல்லைவிடச் சிமெண்ட்தான் முந்திக்கொண்டு தெரிகிறது. குழிவில் தண்ணீர் நிற்காது, வழிந்துவிடும். கம்பியின் இருபுறமும் பிதுங்கி வரும் சாந்தை ஒரு மரக்குச்சியின் விளிம்பால் சீவிவிட்டால், ரவைபோல உதிர்ந்து கீழே விழுகிறது, கல்லில் கறை படிவதில்லை. கடைசியாக உலர்ந்த ஈர்க்கு வாரியலால், சந்தின் திசையில் இழுக்காமல் குறுக்குவாட்டில் மெல்லக் கூட்டினேன். கம்பியின் தடம் மறைந்து மணலின் சொரசொரப்பு வெளியே தெரிந்தது. ஈரப்பஞ்சு செய்யாத வேலையைப் பழைய வாரியல் செய்தது. இந்த முறையில் நாளுக்கு இருபது சதுர அடி வீதம், நான்கு காலைகளில் சுவர் முடிந்தது.

மேற்கு பார்த்த சுவருக்கு ஒரு நன்மை உண்டு: நண்பகல் வரை அதன் மேல் வெயில் விழாது. காலை ஆறரைக்குத் தெளிப்பானால் கல்லை நனைப்பேன்; ஈரம் உள்ளே இறங்கி, மேலே நீர்ப்பளபளப்பு மறைந்த பிறகே அடைக்கத் தொடங்குவேன். பதினொரு மணிக்குள் வாரியல் வேலையும் முடிந்துவிட வேண்டும். அதன் பிறகுதான் சிக்கல். இரண்டு மணி வெயில் நேராகச் சுவரில் இறங்கும். மே கடைசியில் மேற்கிலிருந்து அந்தக் காற்றும் கிளம்பிவிட்டது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றின் முன்னோட்டம் அது. வெயிலைவிட வேகமாக ஈரத்தை உறிஞ்சிவிடும். போர்ட்டிகோவின் விளிம்பிலிருந்து கயிறு கட்டி, நனைத்த சணல் சாக்குகளைச் சுவரில் படாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டோம். அடைத்த அன்று அந்தச் சாக்கை மட்டுமே நனைத்தோம்; மறுநாளிலிருந்து சுவரின் மேலேயே பனித்தூவல்போலத் தெளித்தோம், குழாயை வைத்துப் பீய்ச்சவில்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநெறி ஐ.எஸ். 456 சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், கலப்புச் சிமெண்டுக்கும் வறண்ட வெப்பச் சூழலுக்கும் குறைந்தது 10 நாளும் ஈரம் காக்கச் சொல்கிறது. சந்துச் சாந்து கான்கிரீட் இல்லை என்றாலும், என் மூட்டை கலப்புச் சிமெண்ட், ஊர் திருநெல்வேலி, மாதம் மே. பத்து நாளையே பிடித்துக்கொண்டேன்.

வெளுத்துப்போன அந்த முதல் மூலைக்குத் திரும்ப வேண்டும். கல் வாங்கிய கடையில் கேட்டபோது, நீர்த்த அமிலத்தை ஊற்றித் தேய்த்தால் ஒரே நாளில் போய்விடும் என்று சொல்லி ஒரு புட்டியையும் எடுத்து நீட்டினார்கள். அடுக்களை அலமாரியில் கடப்பா பலகை உள்ள வீட்டில் புழங்கியவர்களுக்கு இதன் விளைவு தெரியும்: அதன் மேல் எலுமிச்சை மூடியைக் கவிழ்த்துவைத்துவிட்டு மறந்தால், அடுத்த நாள் வட்டமாக வெள்ளைத் தடம் விழுந்திருக்கும், எத்தனை தேய்த்தாலும் போகாது. கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை. அமிலம் சிமெண்டைக் கரைப்பதற்கு முன்பே கல்லையும் அரித்துவிடும். ஐயம் தீர, மீந்த துண்டின் மேல் ஒரு துளி விட்டுப் பார்த்தேன். நுரைத்துப் பொங்கிவிட்டு, சாம்பல் நிறப் பொட்டாக நின்றது. கிரானைட்டுக்கு வேண்டுமானால் அந்தப் புட்டி பயன்படலாம். நான் நைலான் தூரிகையும் தண்ணீரும் மரக்குச்சியுமாக நான்கு மாலைகள் உட்கார்ந்து தேய்த்தேன். முக்கால்வாசி போனது.

சுவர் முழுவதற்கும் சந்து அடைத்தேன் என்று சொன்னாலும், இரண்டு இடங்களை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். கதவு நிலையோடு கல் சேரும் கோட்டில் சாந்து வைத்தால், மரம் ஊதிச் சுருங்கும்போது அது விரிசல் விட்டே தீரும். அங்கே சாம்பல்நிறச் சிலிக்கான் பசையை இழுத்துவிட்டேன். அடிவரிசைக் கல்லுக்கும் தரை ஓட்டுக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி அப்படியே திறந்திருக்கிறது. எப்படியும் உள்ளே இறங்கிவிடும் கொஞ்ச நீர் வெளியேற அதுதான் வழி. பார்ப்பவர்கள் எல்லோரும் கீழே மட்டும் ஏன் அடைக்காமல் விட்டீர்கள் என்று கேட்கிறார்கள்.

ஜூன் நடுவில் அண்ணாச்சி கூலி பாக்கியை வாங்க வந்தபோது, சுவரைத் தள்ளி நின்று பார்க்கவில்லை. கிட்டப் போய், சட்டைப்பையில் இருந்த ஆணியை எடுத்து, நான்கு நாள் வேலையிலும் ஓரிடமாகச் சந்தைக் கீறிக்கொண்டே வந்தார். மூன்று இடங்களில் ஆணி கிறீச்சென்று வழுக்கியது. இடப்பக்க மேல்மூலையில் மட்டும் கோடு விழுந்து, மாவுபோலச் சாம்பல் உதிர்ந்தது. தண்ணீர் ஊற்றிக் குழைத்த பழைய கலவையும், மேற்பரப்புச் சிமெண்டைத் துடைத்தெடுத்த பஞ்சும் சேர்ந்து செய்த வேலை. “இது ஐப்பசி தாங்காது டீச்சர்” என்று ஆணியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை சிற்றுளியால் அந்த ஒன்பது சதுர அடியின் சந்துகளையும் பதினைந்து மில்லிமீட்டர் ஆழத்துக்கு நோண்டி எடுத்தேன். ஞாயிறு காலை கல்லை நனைத்து, இரண்டு சட்டிக் கலவையில் திரும்ப அடைத்து, சாக்கைத் தொங்கவிட்டேன். புதிதாக அடைத்த பகுதி இப்போதைக்கு மற்றதைவிட ஒரு நிழல் கறுப்பாக இருக்கிறது, இன்னும் ஈரம் முழுவதும் வற்றவில்லை.